இங்கே இரண்டு வருடம், அங்கே இரண்டு வருடம்: கணக்கு சரிதானா?

கேள்வி, 11 ஜனவரி 2025

அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம் படிக்கிறேன். நாலாவது செமஸ்டரை முடித்துவிட்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் நேராக மூன்றாம் வருடத்தில் சேரலாம் என்றிருக்கிறேன். எம்எஸ் சேர்க்கைக்கு எழுதும் ஜிஆர்ஈ தேர்வு தேவையில்லை, செலவு இரண்டு வருடத்துக்குத்தான், கையில் அமெரிக்க டிகிரி. பிஇ முடித்துவிட்டு எம்எஸ் போவதை விட இதுதான் புத்திசாலித்தனம் என்கிறேன். சிஜிபிஏ 8.4, அரியர் கிடையாது. இப்படிப் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சீட் கிடைப்பது கஷ்டமா?

12 ஜனவரி 2025

சீட் கஷ்டமில்லை தம்பி. 8.4 வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கிவிடலாம். கஷ்டம் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

நான் 2022-இல் சேர்ந்து நாலு செமஸ்டர் முடித்து 2024 ஆகஸ்டில் இங்கே வந்தவள். அதே கிளை, அதே சிலபஸ். நானும் வீட்டில் 2+2 என்றுதான் கணக்குச் சொன்னேன். இப்போது என் கணக்கு கிட்டத்தட்ட 2+3.

எண்களைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை என்று தரும் மதிப்பு அலகுதான் கிரெடிட். ஊரில் நாலு செமஸ்டரில் வாங்கியது 90 கிரெடிட்டுக்கு மேல். சான்றிதழ் மதிப்பீட்டு நிறுவனம் அதை இங்கத்திய கணக்குக்கு மாற்றியபோது 62. பல்கலைக்கழகம் அந்த 62-ஐயும் அப்படியே ஏற்றுக்கொண்டது, நான் வீட்டுக்குப் போன் போட்டுக் குதித்தேன். அதற்கப்புறம்தான் துறை உட்கார்ந்து பார்த்தது. டிகிரிக்கு உதவும் என்று அது சொன்னது 38. மீதி 24 என் பெயரில் இருக்கிறது, ஆனால் எதற்கும் ஆகாது. கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடங்கள் மாதிரி எண்ணிக்கையில் இருக்கும், பரணில் இருக்கும்.

இளங்கலைக்கு இங்கே பெரும்பாலும் 120 கிரெடிட். 38 போக 82. செமஸ்டருக்கு 15 எடுத்தாலும் ஐந்தைத் தாண்டுகிறது.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி "சீட் கிடைக்குமா" இல்லை. "என் பாடங்களில் எவை டிகிரிக்குள் நுழையும், அதை யார் எழுத்தில் தருவார்" என்பதுதான்.

12 ஜனவரி 2025, இரவு

இன்னொன்று. "டிரான்ஸ்ஃபர்" என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு பொருள், இரண்டும் ஒரே படிவத்தில் வந்து குழப்பும். சேர்க்கை அலுவலகத்துக்கு, வேறு கல்லூரியில் படித்துவிட்டு வருகிற எவரும் டிரான்ஸ்ஃபர் மாணவர். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு டிரான்ஸ்ஃபர் என்றால், ஏற்கெனவே அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவரின் செவிஸ் பதிவை (வெளிநாட்டு மாணவர்களை அமெரிக்க அரசு கண்காணிக்கும் பதிவேடு) ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவது. ஊரிலிருந்து வருகிற நாம் முதல் கணக்கில் டிரான்ஸ்ஃபர், இரண்டாவது கணக்கில் புதுசு.

விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் தாள் ஐ-20. அதன் விண்ணப்பத்தில் நான் "டிரான்ஸ்ஃபர்" என்று டிக் அடித்தேன். "உங்கள் தற்போதைய கல்லூரியின் செவிஸ் அதிகாரி இந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும்" என்று பதில் வந்தது. அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு எங்கள் ஹெச்ஓடியிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார், "பிரின்சிபாலைப் பாரும்மா" என்றார். ஒரு வாரம் போனது.

15 ஜனவரி 2025

சிலபஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதை விரிவாகவே எழுதுகிறேன், என் ஐந்தாவது செமஸ்டர் போனதே இதில்தான்.

முதல் செமஸ்டர் கணக்குப் பாடத்தை எடுங்கள், எம்ஏ3151, "மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்". ஐந்து யூனிட்: அணிகள், வகைநுண்கணிதம், பல மாறிச் சார்புகள், தொகைநுண்கணிதம், பன்மடித் தொகைகள். இங்கே இதே சரக்கு நாலு பாடங்களில் பிரிந்து கிடக்கிறது. அணிகள் லீனியர் ஆல்ஜிப்ராவில், வகைநுண்கணிதம் கால்குலஸ் ஒன்றில், தொகை இரண்டில், பல மாறி மூன்றில். மதிப்பிடுகிறவர் நம் ஒரு பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதை எந்தப் பெட்டியில் போடுவது என்று பார்க்கிறார். எதிலும் முழுசாகப் பொருந்தவில்லை. கால்குலஸ் ஒன்று கொடுத்தார்கள். இரண்டு கிடையாது, ஏனென்றால் முடிவிலித் தொடர்கள் நம் பாடத்தில் இல்லை. அது இல்லாமல் கால்குலஸ் இரண்டு இவர்களுக்குக் கால்குலஸ் இரண்டே இல்லை. அணிகள் படித்தது? வெக்டர் ஸ்பேஸ் இல்லாததால் லீனியர் ஆல்ஜிப்ரா இல்லை. பன்மடித் தொகை போட்டது? கால்குலஸ் இரண்டு இல்லாதவளுக்கு மூன்று எப்படித் தருவார்கள்.

அதாவது மூன்றாம் பாடத்தின் பாதியைத் தெரிந்துகொண்டு இரண்டாம் பாடத்தில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் பள்ளி முடித்து வந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள்.

லேப் இன்னும் வேடிக்கை. பிஎஸ்3171 நமக்கு இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த ஒரே லேப். "இது எந்தப் பாடத்தின் லேப்?" என்று கேட்டார்கள். இரண்டுக்கும் என்றேன். இரண்டுக்கும் பாதிப் பாதி என்பதால் இரண்டுக்கும் இல்லை என்று முடிந்தது. இயற்பியலை லேபோடு மறுபடி எடுக்கிறேன்.

16 ஜனவரி 2025

நேற்று புலம்பலாகவே எழுதிவிட்டேன் போல. இங்கே ஏற்றுக்கொண்ட பாடங்களும் உண்டு. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிஸ்க்ரீட் மேத்ஸ், பைத்தான், ஜாவா எல்லாம் சுலபமாகப் போயின. டிபிஎம்எஸ் என்ற தரவுத்தளப் பாடத்தையும் ஏற்றார்கள். சிலபஸ் பக்கத்தின் மேலே எல்-டி-பி-சி என்று நாலு எண் இருக்கிறதே, வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு, எத்தனை மணி செய்முறை என்று, அதை நாம் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டோம். இங்கே முதலில் பார்ப்பது அதைத்தான்.

வெறும் சிலபஸ் பிடிஎஃப் அனுப்பாதீர்கள். நீங்கள் படித்த ரெகுலேஷன் எது என்று கேட்பார்கள், 2017-ஆ 2021-ஆ என்று. பாடவாரியாகப் பிரித்து, புத்தகப் பெயரோடு, முடிந்தால் இன்டர்னல் வினாத்தாள்களோடு வையுங்கள். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸுக்கு நான் லேப் ரெக்கார்டு நோட்டை ஸ்கேன் செய்து அனுப்பினேன். சிவப்பு மையில் தேதி போட்டு மேடம் கையெழுத்துப் போட்ட அதே நோட்டு. மார்க்‌ஷீட்டை விட அது அதிகம் வேலை செய்தது. ரெக்கார்டைக் கிழித்துப் பழைய பேப்பர் கடையில் போடாமல் இருந்ததற்கு அம்மாவுக்கு நன்றி.

27 ஜனவரி 2025

"8.4 சிஜிபிஏ எத்தனை ஜிபிஏ ஆகும்" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சேர்க்கைக்கு அது வேண்டும், சேர்ந்த பிறகு ஒன்றும் ஆகாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் கிரெடிட் மட்டும்தான் கூட வரும், கிரேடு வராது. புதுப் பல்கலைக்கழகத்தின் ஜிபிஏ காலியாகத் தொடங்கும்.

இதில் ஒரு வலி உண்டு, யாரும் முன்னால் சொல்லமாட்டார்கள். செப்டம்பரிலேயே இங்கே வேலைவாய்ப்புச் சந்தை வந்துவிடும். நான் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. காகிதத்தில் நான் கிட்டத்தட்ட மூன்றாம் வருடம், கம்பெனிக்காரர் கேட்கும் முதல் கேள்வி ஜிபிஏ. "இன்னும் இல்லை" என்றேன். மூன்றாம் வருடத்தில் ஜிபிஏ இல்லாதவள் என்ன ஆள் என்று அவருக்குப் புரியவில்லை. வரிசையில் பின்னால் நின்றவன் என்னைத் தாண்டிக் கையை நீட்டிவிட்டான்.

9 பிப்ரவரி 2025

டிரான்ஸ்கிரிப்ட். விண்ணப்பித்துவிட்டீர்களா? இப்போதே செய்யுங்கள். மூடி முத்திரையிட்ட உறையில் வர வேண்டும், அல்லது பல்கலைக்கழகமே நேராக ஆன்லைனில் அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டுக்கு உறை வந்த அன்று அப்பாதான் வாங்கினார். பெண்ணின் மார்க், பெருமை தாங்கவில்லை, அழகாகக் கத்தரிக்கோல் வைத்துப் பிரித்து, ஐந்து ஜெராக்ஸ் எடுத்து, திரும்ப ஃபெவிகால் போட்டு ஒட்டிவைத்திருந்தார். உறையைப் பிரித்தால் செல்லாது. மறுபடி பணம், மறுபடி விண்ணப்பம். இரண்டாவது உறை வந்தபோது அதை அவர் தொடக்கூட இல்லை, பூஜை அறையில் வைத்திருந்தார்.

அப்புறம் கல்லூரியை விட்டு வருவதென்றால் டிசி, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஒரிஜினல்கள் எல்லாவற்றையும் முதலில் வாங்கிவிடுங்கள். என் ஒரிஜினல்கள் கல்லூரியில் இருந்தன, மீதி இரண்டு வருட ஃபீஸைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். ஒரிஜினல்களைப் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்று யூஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பை அச்செடுத்து, மாமாவைக் கூட்டிக்கொண்டு போனோம். மூன்றாவது நடையில் கிடைத்தது. அறிவிப்பால் கிடைத்ததா, மாமாவின் குரலால் கிடைத்ததா என்று இன்றுவரை வீட்டில் சண்டை.

22 பிப்ரவரி 2025

மேலே டிசி பற்றி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். தனிச் செய்தியில் ஒருவர் எழுதியிருந்தார்: டிசி வாங்கினார், விசா மறுத்துவிட்டார்கள், ஐந்தாவது செமஸ்டர் தொடங்கிவிட்டது, திரும்பப் போய்ச் சேர மூன்று மாதம் அலைந்திருக்கிறார். எனக்கு விசா கிடைத்துவிட்டதால் அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை.

திருத்தம்: ஒரிஜினல் மார்க்‌ஷீட்டுகளை வாங்குங்கள். டிசியை விசா கைக்கு வரும்வரை வாங்காதீர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் டிசி கேட்காது, அப்படி ஒரு தாள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. "டிசி இல்லாமல் எப்படிம்மா இன்னொரு காலேஜில் சேர்ப்பான்" என்று என் பெரியப்பா இன்னும் நம்பமாட்டேன் என்கிறார்.

3 மார்ச் 2025

பெயர். எப்படி இதை விட்டேன்?

நம் ஆட்களுக்கு மார்க்‌ஷீட்டில் இனிஷியலும் பெயரும். பாஸ்போர்ட்டில் எனக்குப் பெயர் மட்டும், சர்நேம் கட்டம் காலி. விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் போகவிடவில்லை, அப்பா பெயரைப் போட்டேன். ஐ-20 அப்பா பெயரோடு வந்தது. பாஸ்போர்ட்டும் ஐ-20-யும் ஒத்துப்போக வேண்டும். திருப்பி அனுப்பி, மாற்றி வாங்கி, அதில் பன்னிரண்டு நாள்.

விசாவில் என்ன அடித்தார்கள் தெரியுமா? ஒற்றைப் பெயரைக் குடும்பப்பெயர் கட்டத்தில் போட்டுவிட்டு, பெயர் கட்டத்தில் எஃப்என்யூ. முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். முதல் நாள் வகுப்பில் பேராசிரியர் வருகைப் பதிவில் "ஃப்னூ?" என்று கூப்பிட்டார். யாரோ சீனப் பையன் என்று நினைத்து நானும் திரும்பிப் பார்த்தேன்.

உங்கள் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் இப்போதே மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து சர்நேம் சேருங்கள், எல்லா விண்ணப்பத்துக்கும் முன்னால். தனித்தமிழ்ப் பற்றால் சர்நேம் கூடாது என்றிருப்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை, ஃப்னூ என்று கூப்பிட்டால் திரும்பத் தயாராக இருங்கள், அவ்வளவுதான்.

20 மார்ச் 2025

கம்யூனிட்டி காலேஜ் (பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்புக் கல்லூரி) பற்றி ஒருவர் கேட்டார். கலிஃபோர்னியா வழி அது. டி அன்சா, சான்டா மோனிகா, டயப்லோ வேலி மாதிரிக் கல்லூரிகளில் இரண்டு வருடம், பிறகு யூசி, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு வளாகம். அந்த வழியின் பெரிய அனுகூலம் நான் மேலே புலம்பிய எதுவும் அங்கே இல்லை என்பதுதான். எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று அசிஸ்ட் என்ற தளத்தில் முன்கூட்டியே போட்டிருக்கிறார்கள். யூசிக்கு 60 செமஸ்டர் யூனிட், அல்லது 90 குவார்ட்டர் யூனிட். டி அன்சா குவார்ட்டர் கணக்கு, அங்கே 3 என்றால் செமஸ்டர் கணக்கில் 2. ஆறு யூசிகளில் உத்தரவாதச் சேர்க்கைத் திட்டமும் உண்டு, பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலிஸும் சான் டியேகோவும் அதில் கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அந்த உத்தரவாதம் பல இடங்களில் செல்லாது, கவனம்.

ஆனால் தம்பி நீங்கள் ஏற்கெனவே இரண்டு வருடம் முடிக்கப் போகிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற தங்கை யாராவது இருந்தால் அவளிடம் சொல்லுங்கள். நான் அந்த வயதில் இதைப் படித்திருந்தால் அங்கேதான் போயிருப்பேன். போயிருப்பேனா? அப்பா விட்டிருக்க மாட்டார். "காலேஜ் பேரே கம்யூனிட்டியா, கோட்டாவா?" என்று கேட்டிருப்பார்.

6 ஏப்ரல் 2025

பணம். ஐ-20-க்கு முதல் வருடச் செலவு முழுவதற்கும் கையிருப்பு காட்ட வேண்டும். சேமிப்புக் கணக்கு, எஃப்டி, கல்விக் கடன் அனுமதிக் கடிதம் போதும். அப்பா நிலத்துப் பட்டாவையும் ஸ்கேன் செய்து வைத்திருந்தார், அது வேலைக்கு ஆகாது, உடனே எடுக்கக்கூடிய பணம்தான் கணக்கு.

இந்த மாதம் முதல் ஒரு மாற்றம், உங்களுக்கு நல்ல சேதி. நான் போன வருடம் பணம் அனுப்பியபோது 7 லட்சத்துக்கு மேல் சொந்தப் பணமானால் 5 சதவீதம் டிசிஎஸ் (வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தின் மேல் வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்தார்கள், வங்கிக் கடனானால் 0.5. ஏப்ரல் 1 முதல் அந்த வரம்பு 10 லட்சம், வங்கிக் கடனில் அனுப்பினால் டிசிஎஸ்ஸே இல்லை. பிடித்ததும் தொலைந்துபோன பணமில்லை, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஈடுகட்டலாம். ஆனால் ஆகஸ்டில் கையில் இருக்க வேண்டிய பணம் அடுத்த வருடம் வந்து என்ன புண்ணியம்.

ஸ்காலர்ஷிப் பற்றிக் கனவு வேண்டாம். தளங்களில் பளபளவென்று போட்டிருக்கும் பெரும்பாலானவை முதல் வருடம் சேருகிறவர்களுக்கு. எனக்குக் கிடைத்தது வருடத்துக்கு 2,000 டாலர், அதுவும் இரண்டு செமஸ்டருக்குப் பிரித்து.

18 ஏப்ரல் 2025

தம்பிக்கு இரண்டு இடத்தில் கிடைத்துவிட்டது என்று பார்த்தேன், சந்தோஷம். இப்போதுதான் பேரம் பேச வேண்டிய நேரம். முன்பணம் கட்டும் முன் இரண்டு இடத்துத் துறை அட்வைசருக்கும் எழுதுங்கள், பாடம் பாடமாக. "எல்லாம் ஏற்கப்படும்" என்று பொதுவாகப் பதில் வந்தால் அது பதில் இல்லை. எனக்கும் அப்படித்தான் வந்தது, பல்கலைக்கழகம் ஏற்பதும் துறை அதை டிகிரிக்குக் கணக்கில் எடுப்பதும் வேறு வேறு என்று எனக்குத் தெரியவில்லை, அவர்களும் பொய் சொல்லவில்லை. குறைந்தது கடைசி 30 கிரெடிட்டையாவது இங்கேயே முடிக்க வேண்டும் என்ற மாதிரி விதி அநேகமாக எல்லா இடத்திலும் உண்டு, அது நமக்குப் பிரச்சினையே இல்லை, அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட நாம் போகமாட்டோம்.

பெரிய பெயருள்ள இடத்தில் 35 கிரெடிட், அடுத்ததில் 52 என்றால் நான் 52-க்குப் போவேன். கீழே ஒருவர் "பிராண்டு முக்கியம்" என்று சண்டைக்கு வருவார் என்று தெரியும். ஒரு வருடக் கட்டணத்தை அவர் கட்டுவதானால் பேசலாம்.

19 ஏப்ரல் 2025

வந்துவிட்டார். சரி, உங்கள் அப்பா கட்டுகிறார் என்றால் பிராண்டுக்குப் போங்கள்.

28 மே 2025

அமெரிக்கத் தூதரகங்களில் புது மாணவர் விசா நேர்காணல்களுக்கு நேரம் கொடுப்பதை நேற்று நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே தேதி வாங்கியவர்களுக்குப் பாதிப்பில்லை என்கிறார்கள். தம்பி, நீங்கள் தேதி வாங்கிவிட்டீர்களா? ஐ-20 மே முதல் வாரமே வந்தது என்றீர்களே. செவிஸ் கட்டணம் 350 டாலர் கட்டி ரசீது எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பத்தை நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள், திறந்த அன்றே பாயலாம்.

29 மே 2025

தேதி வாங்கவில்லையாம். நாலாவது செமஸ்டர் பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்தாராம். திட்டவில்லை. நானும் அப்படித்தான் செய்திருப்பேன், பரீட்சை இருக்கும்போது வேறு வேலை பார்ப்பது நம் வீடுகளில் பாவம்.

20 ஜூன் 2025

மறுபடி தொடங்குகிறார்கள். ஆனால் சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். டிஎஸ்-160-இல் கடந்த ஐந்து வருடத்தில் பயன்படுத்திய கணக்குகளைக் கேட்பது முன்பே உண்டு. ஒன்பதாம் வகுப்பில் ரசிகர் மன்றச் சண்டைக்காகத் தொடங்கிய கணக்கு நினைவிருக்கிறதா? அது ஐந்து வருடத்துக்குள் வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

நேர்காணலில் என்னிடம் கேட்டது மூன்றே கேள்வி. அதில் ஒன்றுதான் டிரான்ஸ்ஃபர்காரர்களுக்கே உரியது: "இரண்டு வருடம் முடித்துவிட்டீர்களே, ஏன் அங்கேயே முடிக்கவில்லை?" ஊர்க் கல்லூரியைத் திட்டி பதில் சொல்லாதீர்கள். எனக்கு எடுக்க வேண்டிய இரண்டு பாடங்களின் பெயரைச் சொன்னேன், அவை ஊர்க் கல்லூரியில் ஏன் இல்லை என்று ஒரு வரி. அண்ணா மேம்பாலத்துக்குக் கீழே வெயிலில் ஒரு மணி நேரம் நின்றேன், உள்ளே இரண்டு நிமிடம்.

13 ஜூலை 2025

என் பக்கத்துச் செய்தி, கேட்காமலே சொல்கிறேன். கால்குலஸ் இரண்டை வகுப்பில் உட்காராமல் தேர்வு மட்டும் எழுதித் தாண்டலாம் என்று ஒரு வழி இருந்தது, போன வருடம் வந்த வாரமே எழுதி, தொடர்கள் பகுதியில் அப்படியே கவிழ்ந்தேன். ஜனவரியில் இந்தப் பதிவை எழுதியபோது இதைச் சொல்லவில்லை, வெட்கம். குற்றம் முழுக்க அவர்கள் மேல் என்ற மாதிரி எழுதியிருந்தேன். தொடர்கள் தெரியாதவளுக்கு அந்தப் பாடத்தைக் கொடுக்காதது ஒருவகையில் சரிதான். ஒருங்குகிறதா விரிகிறதா என்று இப்போது எனக்குத் தெரியும், ஏ வாங்கினேன்.

லேப் விஷயத்தில் மட்டும் இன்னும் கோபம் குறையவில்லை.

இன்னொரு வேடிக்கை. எஃப்-1-இல் செமஸ்டருக்கு 12 கிரெடிட் குறையக் கூடாது, அதில் ஆன்லைன் பாடம் ஒன்று மட்டுமே கணக்கில் வரும். எனக்கு வேண்டிய பாடங்கள் எல்லாம் ஒன்றுக்கு ஒன்று முன்பாடமாகச் சங்கிலி போட்டுக் கிடந்ததால் போன செமஸ்டரில் ஒன்பதுக்கு மேல் எடுக்க வழியில்லை. மிச்சம் மூன்றுக்கு மண்பாண்டம் செய்யும் வகுப்பு. அமெரிக்கக் கட்டணம் கட்டிச் சட்டி வனைந்திருக்கிறேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "மானாமதுரையில் அம்பது ரூபாய்க்குக் கிடைக்குமே" என்றாள்.

24 ஆகஸ்ட் 2025

தம்பிக்கு ஆகஸ்டுக்குள் நேர்காணல் தேதி கிடைக்கவில்லை. ஜனவரிக்குத் தள்ளிவிட்டார். நல்லதுதான் என்று சொன்னால் அடிக்க வருவார், ஆனாலும் சொல்கிறேன். அவருடைய நாலாவது செமஸ்டர் முடிவுகள் வந்து, இறுதி டிரான்ஸ்கிரிப்ட் எடுத்து, அது இங்கே வந்து சேரப் பல வாரம் ஆகும். நான் அது இல்லாமல் வந்தேன். நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள், அடுத்த செமஸ்டர் பதிவுக்குத் தடை போட்டார்கள், தடை நீங்கியபோது நல்ல வகுப்புகள் எல்லாம் நிரம்பியிருந்தன. ஏப்ரலிலேயே பதிந்துவைத்த உள்ளூர்ப் பிள்ளைகளோடு ஆகஸ்டில் போட்டி போடுவதே கஷ்டம்.

தள்ளிப்போட்டால் அதே செவிஸ் எண்ணில் தேதி மாற்றிய ஐ-20 தருவார்கள், 350 டாலர் மறுபடி கட்ட வேண்டியதில்லை. டிசி வாங்கவில்லைதானே? ஐந்தாவது செமஸ்டருக்குப் போகலாம். கூடுதல் பாடம் வந்தால் லாபம்.

30 செப்டம்பர் 2025

"தமிழர் மரபு" பாடம் என்ன ஆனது என்று கேட்டவருக்கு. ஜிஈ3152, ஒரு கிரெடிட். மதிப்பிட்டவர் அதைப் பற்றித்தான் எனக்கு மிக நீளமான மின்னஞ்சல் அனுப்பினார். திணை என்றால் என்ன, நிலத்தை வைத்து இலக்கியத்தைப் பிரிப்பதா, பறை இசைக்கருவியா நடனமா, சிலம்பாட்டம் உடற்கல்வியில் வருமா. கணக்குப் பாடத்துக்கு இரண்டு வரி எழுதின நான் இதற்கு ஒன்றரைப் பக்கம் பதில் எழுதினேன். மானுடவியல் விருப்பப்பாடம் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

துள்ளிக் குதித்தது வீண். பொதுக்கல்விக் கட்டத்துக்குள் நுழைய மூன்று கிரெடிட் வேண்டும், ஒன்று போதாது. பரணில் குடங்களுக்குப் பக்கத்தில் அதுவும் இருக்கிறது. இரண்டாம் செமஸ்டரின் "தமிழரும் தொழில்நுட்பமும்" சேர்த்தால் இரண்டு. இன்னும் ஒன்று மட்டும் கற்றுக்கொடுத்திருந்தால்.

"திரும்ப முடிவெடுக்கச் சொன்னால்?" என்றும் அதே ஆள் கேட்டிருந்தார். நாலு தடவை அடித்து அழித்துவிட்டேன். கோடையில் இன்டர்ன்ஷிப் கிடைத்தது, ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்திருந்ததால் அனுமதியும் கிடைத்தது, அந்த மூன்று மாதத்துக்காக எல்லாம் தகும் என்று ஒரு நாள் தோன்றும். போன வாரம் கூடப் படித்தவர்கள் கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து மாலையோடு போட்டோ போட்டார்கள், அவர்கள் வரும் மே மாதம் முடிக்கிறார்கள், நான் 2027-இல். அன்று வேறு மாதிரித் தோன்றியது. தம்பி ஜனவரியில் சொன்ன "எம்எஸ்ஸை விட இது புத்திசாலித்தனம்" என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் முடியவில்லை. பிஇ முடித்துவிட்டு வந்தால் இரண்டு வருடத்தில் ஒரு முழு டிகிரி, ஒரு கிரெடிட்கூடப் பரணுக்குப் போகாது. அதை மட்டும் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

23 நவம்பர் 2025

விசா வந்துவிட்டதாம்! துறையிடமிருந்து 49 கிரெடிட் எழுத்தில் வாங்கிவிட்டாராம், லேப் ரெக்கார்டு வைத்து. என்னை விட 11 அதிகம். பொறாமையாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

ஐ-20-இல் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு மேல் முன்னால் வந்தால் உள்ளே விடமாட்டார்கள், டிக்கெட்டை அந்த 30 நாளுக்குள் போடுங்கள். வந்ததும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முகம் காட்டுங்கள். டிரான்ஸ்ஃபர்காரர்களுக்கு அறிமுக விழா அரைநாள்தான், பலூன் எல்லாம் முதல் வருடத்துப் பிள்ளைகளுக்கு.

தடுப்பூசியை மறந்திருப்பீர்கள், எல்லாரும் மறப்பார்கள். பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்குக் காசநோய்த் தோல் பரிசோதனை செய்தால் வீங்கிக்கொண்டு நிற்கலாம், அப்புறம் எக்ஸ்ரே அது இது என்று இழுப்பார்கள், அதனால் ரத்தப் பரிசோதனையாகவே செய்துகொண்டு வாருங்கள், குவான்டிஃபெரான் என்று கேட்டால் பெரிய லேபில் தெரியும். மெனிங்கோகாக்கல் ஊசி நம் வழக்கமான அட்டவணையில் இல்லாதது, தனியாகப் போட வேண்டும், சில ஆயிரம் ஆகும். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா ஊசி) இரண்டு டோஸுக்கும் தேதியோடு தாள் வேண்டும், குழந்தையில் போட்ட அட்டை இல்லையென்றால் மறுபடி போடுங்கள். இரண்டு டோஸுக்கும் நடுவே குறைந்தது 28 நாள். இன்று போட்டால் இரண்டாவது டிசம்பர் 21. நாளை போட்டால் 22.